புதுப்பிப்பு: என் இணையதளத்தில் ஸ்கீமா (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) போட்டும் கூகுள் தேடலில் ஒன்றும் மாறவில்லை என்று புலம்பியிருந்தேனே

காரணம் தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஸ்கீமாவை எழுதும் ஜேசன்-எல்டி (JSON-LD) வடிவத் துண்டை வேர்ட் கோப்பிலிருந்து அப்படியே ஒட்டியிருந்தேன். நேர் மேற்கோள்குறியெல்லாம் வளைந்த குறியாக மாறிக் கிடந்தது. ஒரே ஒரு குறி வளைந்தாலும் மொத்தத் துண்டும் செல்லாது. பக்கத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஸ்கீமாவைச் சோதிக்கும் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் கருவியில் போட்டதும் பல்லிளித்தது.

திருத்திய பிறகு, கணினியில் முகவரிக்குப் பதிலாக பிரெட்கிரம்ப் பாதை (முகப்பு › பிரிவு › பக்கம் என்ற வரிசை) தெரிகிறது. மொபைலில் தேடாதீர்கள், 2025 ஜனவரியிலேயே கூகுள் அதை எடுத்துவிட்டது.

தேடல் முடிவுக்குக் கீழே விரியும் கேள்வி பதில் (FAQ) மட்டும் இன்னும் வரவில்லை. வரவும் வராது! 2023 ஆகஸ்டிலேயே பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்களாம். அதற்காக இரண்டு ராத்திரி கண்விழித்தேன்.