வல்லினம் மட்டும் கேட்காமல் போனது

காதிரைச்சலோடும் காது மந்தத்தோடும் வாழ்கிறவர்கள் அவரவர் பட்டதைச் சொல்லலாம் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தீர்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

எனக்கு 58 வயது. கம்ப்ரஸர் அறையை ஒட்டிய கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தேன். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். காதடைப்பான் கேட்டோம், வரவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தால் காதில் பஞ்சு வைத்தது போல இருக்கும். மெல்லிதாக ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் போய்விடும். போய்விட்டதால் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரிய வந்தது காது போன பிறகுதான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

முதல் வாரம் அது வெளியிலிருந்து வருகிறது என்றே நம்பினேன். நடுராத்திரி எழுந்து ஃபிரிட்ஜை அணைத்தேன். பிறகு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு இருட்டில் ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தேன். நான் போன இடமெல்லாம் அதுவும் கூட வந்தது. அன்றைக்குப் பயந்த மாதிரி நான் வேறெதற்கும் பயந்ததில்லை.

முதலில் பார்த்த டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “இதற்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ளுங்கள்” என்றார். மூன்று நிமிடம் கூட இருக்காது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எப்படிப் பழகுவது என்று அவர் சொல்லவில்லை, கேட்கும் தெம்பு எனக்கும் இல்லை. அப்புறம் எட்டு மாதம் ஜிங்கோ மாத்திரை, துத்தநாக மாத்திரை என்று விளம்பரத்தில் கண்டதையெல்லாம் வாங்கி விழுங்கினேன். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014இலேயே காதிரைச்சலுக்கு இந்த இரண்டையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இதையாவது தெரிந்துகொள்ளட்டும்.

என் கதை திரும்பியது ஓர் ஆடியாலஜிஸ்ட்டின், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவரின், அறையில். சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சென்ற 8000 வரை போட்டுப் பார்த்து ஒரு வரைபடம் எடுத்தார். இடப்பக்கம் ஒழுங்காகப் போன கோடு 4000ஐ நெருங்கும்போது கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கியது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழும் என்றார்.

எனக்கு அந்தக் கோடு புரியவில்லை. அவருக்கு அது தெரிந்துவிட்டது. வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். மாலை, வேலை, நூல், எல்லாம் சரியாகச் சொன்னேன். அடுத்து நான்கு சொற்கள். நான்கையும் நான் ‘படை’ என்றே சொன்னேன். தாளைத் திருப்பிக் காட்டினார். கடை, சடை, தடை, படை என்று எழுதியிருந்தது.

“உங்களுக்கு உயிரெழுத்து முழுக்கக் கேட்கிறது. மெல்லினமும் இடையினமும் ஓரளவு கேட்கிறது. வல்லினம்தான் போய்விட்டது” என்றார். உயிரெழுத்துக்குத் தாழ்ந்த அலைவரிசை, பலமும் அதிகம். க, ச, ட, த போன்றவை மேல் அலைவரிசையில் மெலிதாக வந்து போகிறவை. அதனால்தான் ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது மட்டும் தெரியாது. எத்தனையோ பேரிடம் “சத்தம் கேட்குது, வார்த்தை கேட்கல” என்று சொல்லியிருக்கிறேன். அவர்தான் முதல்முறையாக அதற்குக் காரணம் சொன்னார்.

இன்னொன்றும் செய்தார். என் இரைச்சலைப் போலவே ஒரு சத்தத்தை மெஷினில் உண்டாக்கி, இரண்டும் சமமாகக் கேட்கும்வரை கூட்டிக் குறைத்தார். என்னைத் தூங்கவிடாமல் அடித்த அந்தச் சத்தம், அந்த அலைவரிசையில் எனக்கு மெதுவாகக் கேட்கத் தொடங்கும் அளவைவிட வெறும் 7 டெசிபல்தான் அதிகம். கோபம் வந்துவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நிதானமாக, பெரும்பாலோருக்கு 10 டெசிபலுக்குள்தான் வரும், நீங்கள் படும் அவதி உண்மை, ஆனால் அது சத்தத்தின் அளவிலிருந்து வருவதில்லை என்றார். உட்காதில் நத்தைக் கூடு போல இருக்கும் பகுதிக்குள், பிறக்கும்போது ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அந்தப் பகுதியிலிருந்து செய்தி வராமல் போனதும் மூளை தன் பக்கத்து ஒலியைக் கூட்டிக் கூட்டித் தேடுகிறது. அந்தத் தேடல்தான் இரைச்சலாகக் கேட்கிறது. அதை ஆபத்து என்று நாம் முடிவு செய்துவிட்டால், மூளை அதைவிட்டு ஒரு நொடியும் கண்ணெடுக்காது.

“இந்த இரைச்சலால்தான் நீங்க பேசுறது கேட்கல” என்று வீட்டில் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் நேர்தலைகீழ். கேட்காமல் போனதால்தான் இரைச்சல். அதை ஒத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. இரைச்சல் என்பது நோய், அனுதாபம் கிடைக்கும். காது கேட்கவில்லை என்றால் வேறு ஒரு சொல் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் இரண்டு வருடம் போனது.

காது மெஷின் மாட்டிய முதல் நாள் தண்ணீர்க் குழாய் சத்தம் கண்ணாடி உடைவது போல இருந்தது. என் குரலே பானைக்குள்ளிருந்து வந்தது. கழற்றி வைத்துவிடலாம் என்று தோன்றும், வைத்துவிடாதீர்கள். மாட்டும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன், பழக ஆறு வாரம் ஆனது. இரைச்சல் போகவில்லை. ஆனால் பகலில் அதன்மேல் மற்ற சத்தங்கள் வந்து படிந்தன. இரவில் மெஷினைக் கழற்றியதும் ஃபேன் ஓட விடுகிறேன். ஃபேன் சத்தம் இரைச்சலை முழுக்க மூடக்கூடாது, அதைவிடச் சற்றுத் தாழ்ந்து பக்கத்தில் ஓட வேண்டும் என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னார். மூடிவிட்டால் மூளை அதற்குப் பழகாதாம்.

கூட்டத்தில் இப்போதும் தடுமாறுகிறேன். யாராவது சத்தமாகப் பேசினால் வலிக்கிறது, மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை. இது வீம்பு இல்லை. மயிரணு போன காதில் கேட்காததற்கும் தாங்காததற்கும் நடுவில் இடம் குறுகிவிடுகிறது. எனக்கு வேண்டியது சத்தம் அல்ல. முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் நிறுத்திப் பேசினால் போதும்.

*

ஐயா, உங்கள் பதிவில் அந்த ‘படை’யில் நின்றுவிட்டேன். என் கதை ஒரே காலையில் நடந்தது. 41 வயதில், தூங்கி எழுந்தபோது இடது காது இல்லை. அடைத்தது போல இருந்தது, கூடவே அருவி போல இரைச்சல். சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நானும் நம்பினேன். 11 நாள் போய்விட்டது.

பிறகு போன இஎன்டி டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். நல்ல காதின் பக்கம் என்றேன். அவர் முகம் மாறியது. அழுக்கோ சளியோ அடைத்திருந்தால் அடைத்த பக்கம்தான் பலமாகக் கேட்டிருக்கும், எதிர்ப்பக்கம் கேட்டால் நரம்புப் பக்கத்துக் கோளாறு. வீட்டிலேயே வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும் என்றார். அன்றைக்கே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார், பிறகு செவிப்பறை வழியாக ஊசி. பாதி திரும்பி வந்தது. இந்த மருந்துக்கு முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். மூன்று நாளுக்குள் திடீரென்று ஒரு காது மங்கினால் அதை அவசரம் என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள். சளியாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம், நஷ்டமில்லை.

ஒற்றைக் காதில் வாழ்வதில் கஷ்டம், கேட்காததைவிட எங்கிருந்து கேட்கிறது என்று தெரியாததுதான். வீட்டுக்குள் போன் அடிக்கும், எந்த அறை என்று தெரியாமல் சுற்றுவேன். சாலையில் ஹாரன் சத்தம் எப்போதும் வலப்பக்கமிருந்தே வரும். எங்கே போனாலும் சுவர் என் இடப்பக்கம் இருக்கும்படி உட்காருகிறேன். என் மகன் இப்போது சொல்லாமலேயே வலப்பக்கம் வந்து நடக்கிறான்.

*

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். என் அம்மாவுக்காக எழுதுகிறேன்.

அம்மா “என்ன சொன்ன?” என்று கேட்பார். நான் திருப்பிச் சொல்வேன். மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை “ஒண்ணுமில்ல, விடும்மா” என்பேன். பல வருடம் இப்படித்தான். ஒருநாள் அம்மா சொன்னார்: “நீ சொன்னது பெரிய விஷயமா இல்லையான்னு நான் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிறேனே.” அதற்குப் பிறகு அந்த ‘விடும்மா’வை விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை அதே வாக்கியத்தைச் சொல்லாமல் வேறு சொற்களில் மாற்றிச் சொல்கிறேன். பெரும்பாலும் அப்போது பிடித்துக்கொள்கிறார்.

சாயங்காலமானால் அம்மா யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்விடுவார். கோபம் என்று நினைத்தேன். நாள் முழுக்க பாதிச் சொல்லைக் கேட்டு மீதியை ஊகித்தே மூளை களைத்துவிடும் என்று ஆடியாலஜிஸ்ட் சொன்ன பிறகுதான் புரிந்தது.

*

27 வயது. மேடை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இரவு. மறுநாளிலிருந்து இரைச்சல். பரிசோதனையில் எல்லாம் இயல்பு என்று வந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. சத்தத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே காதடைப்பான் போட்டுக்கொண்டேன். நான் செய்த பெரிய தப்பு அது. காது இன்னும் கூர்மையாகி, ஸ்பூன் விழுந்தால்கூடத் தாங்க முடியாமல் போனது. இப்போது உண்மையாகவே சத்தமுள்ள இடத்தில் மட்டும்தான் போடுகிறேன்.

எனக்கு உதவியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இரைச்சலை அது குறைக்காது, ஆனால் “இனி என் வாழ்க்கை முடிந்தது” என்ற எண்ணத்தோடு பேசக் கற்றுக் கொடுத்தது. அந்த மனநல ஆலோசகர் சொன்ன ஒரு செய்தியை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே இல்லாத அறையில் உட்கார வைத்தார்கள். என்ன கேட்கிறது என்று கேட்டபோது 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தத்தைச் சொன்னார்கள். அமைதியில் காதுகொடுத்துத் தேடினால் நல்ல காதுக்கும் ஏதாவது கேட்கும். நானும் தினமும் காலையில் எழுந்ததும் “இன்று எப்படி இருக்கிறது” என்று காதுகொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பதை நிறுத்தவே நான்கு மாதம் ஆனது.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் படித்தேன். அந்த அம்மா கேட்டதைத்தான் நான் என் வீட்டில் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். இன்று மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

தனியாகக் கேட்டவர்களுக்கு இரண்டு பதில்கள். இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து ‘துடுக் துடுக்’ என்று வருகிறது என்றவர், என் கதையை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அது இரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஸ்கேன் தேவைப்படும். ஒரே காதில் மட்டும் இரைச்சல் இருப்பவர்களும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மெஷின் பேட்டரி இரண்டே நாளில் தீர்கிறது என்றவருக்கு: அது காற்றை உள்ளே இழுத்து வேலை செய்யும் துத்தநாக பேட்டரி. மேலே ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் உடனே மாட்டாமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்திருங்கள். உரித்த தாளைத் திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும், அதனால் மாட்டப் போகும்போது மட்டும் உரியுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே இருக்கும் ஈரமும் காயும். அப்படியும் இரண்டு நாளில் தீர்ந்தால் மெஷினை எடுத்துக்கொண்டு ஆடியாலஜிஸ்ட்டிடம் போய்விடுங்கள்.