பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப் 7.9-ஐத் தாண்டவில்லை: கோளாறு தீவனத்திலா, அளவீட்டிலா?

தொழுவம்77:
வணக்கம். எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு இரண்டு, ஈன்று மூன்று மாதம். ஒவ்வொன்றும் நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது. சொசைட்டியில் கொழுப்பு 3.6 சதவீதம், எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) 7.9 சதவீதம் என்றே வருவதால் லிட்டருக்கு விலை குறைகிறது. ஒரு மாட்டுக்கு கோ-4 தீவனப்புல் 20 கிலோ, வைக்கோல், தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ. மிஞ்சிய சோறும் கஞ்சியும் உண்டு. கால்சியம் டானிக் கொடுத்தும் ஏறவில்லை.

கறவைக்கணக்கு:
தீவனத்துக்கு முன்னால் கேனைப் பாருங்கள். 10 லிட்டர் பாலில் அரை லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 8.3 என்பது 7.9 ஆகிவிடும். கழுவிய கேனையும் கறவைப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைத்து, நீர் வடிந்தபின் பயன்படுத்துங்கள். மடி கழுவினால் துணியால் துடைத்துவிட்டே கறக்க வேண்டும்.

கறந்த சூட்டில், நுரையோடு லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி பார்க்கும் கருவி) போட்டால் அளவு குறைத்தே காட்டும். பால் ஆறி, நுரை அடங்கிய பிறகு, இரண்டு மூன்று முறை மாற்றி ஊற்றிக் கலந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, இரண்டு மாட்டுப் பாலையும் ஒரு வேளை தனித்தனியாகக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மேய்ச்சல்நிலம்:
டானிக்கை நிறுத்தலாம். கால்சியம் மாட்டுக்குத் தேவைதான், ஆனால் எஸ்.என்.எஃப்-ஐ ஏற்றாது. இங்கே குறைவது எரிசக்தியும் புரதமும். உடம்புக்கு 1.5 கிலோ, அதோடு கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ என்று பார்த்தால் 10 லிட்டர் மாட்டுக்கு அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு, தானியம்) ஐந்தரை கிலோ வர வேண்டும். நீங்கள் கொடுப்பது 3.

100 கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, புண்ணாக்கு 30, தவிடு 27, தாதுஉப்பு 2, சாதா உப்பு 1. ஒரேயடியாக ஏற்றினால் வயிற்றில் அமிலம் கூடி கொழுப்பு சரியும். மூன்று நாளுக்கு அரை கிலோ வீதம் கூட்டி, ஒரு நாள் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள்.

சோறும் கஞ்சியும் வேண்டவே வேண்டாம். அதுவும் அமிலத்தைத்தான் கூட்டும். பொங்கல், கல்யாண நாட்களில் சோற்றைக் கொட்டி மாட்டை இழப்பவர்கள் எத்தனை பேர்!

கோ-4 முதல் அறுப்பு 75-80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. முற்றிய தட்டையில் சத்து குறைவு. 20 கிலோவில் 5 கிலோவை வேலிமசாலாக (புரதம் மிகுந்த பயறுவகைத் தீவனம்) மாற்றுங்கள். வரப்போரத்திலேயே வளரும்.

தொழுவம்77:
தனியாகப் பார்த்தாச்சு. ஒன்று 8.3, இன்னொன்று 7.5! தீவனம் இரண்டுக்கும் ஒன்றுதான். பாலில் கட்டி, திரிதல் எதுவும் இல்லை. அடர்தீவனம் கூட்டினால் செலவு கட்டுமா?

கறவைக்கணக்கு:
7.5 வரும் மாட்டை மடிநோய்க்குச் சோதியுங்கள். உள்ளடங்கிய மடிநோயில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாலில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) குறைவதால் எஸ்.என்.எஃப் இறங்கும். நான்கு காம்பிலும் தனித்தனியாக 2-3 மில்லி பால், அதே அளவு சி.எம்.டி (மடிநோய்ச் சோதனை) கரைசல், தட்டில் சுழற்றுங்கள். கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில்தான் நோய்.

அப்படியானால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்களாக ஊசி, டியூப் ஏற்ற வேண்டாம். மருந்து கொடுத்தபின் அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் வையுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நிற்கும்.

மேய்ச்சல்நிலம்:
செலவுக் கணக்கில் எஸ்.என்.எஃப் விலையை மட்டும் வைக்காதீர்கள். சத்து சேர்ந்தால் பால் அளவும் கூடும், சினைக்கு வருவதும் தள்ளிப்போகாது. சாணத்தையும் சேருங்கள்: 1 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாளைக்கு 25 கிலோ போதும், இரண்டு மாட்டில் கிடைத்துவிடும். வெளிவரும் கழிவு கோ-4 பாத்திக்கு உரம். நாலைந்து வீட்டார் சேர்ந்து மக்காச்சோளமும் புண்ணாக்கும் மூட்டையாக எடுத்தால் கலவை விலை இன்னும் இறங்கும். ஈரமான, பூஞ்சை பிடித்த சரக்கு மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.