இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையுமா? அடுக்களையில் மூன்று உப்பு, வீட்டில் தினமும் சண்டை

முத்துநகர் மருமகள் கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். கல்யாணமாகி வந்த இருபத்தொரு வருஷத்தில் நான் கடையில் உப்பு வாங்கியதாக நினைவே இல்லை. வாரிக் குவித்ததில் நல்ல வெள்ளையாகப் பார்த்து ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். மண்பானையில் கொட்டி வைத்தால் மாசக்கணக்கில் ஓடும். எவ்வளவு செலவாகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீருக்குக்கூட கணக்கு வைத்திருக்கிறேன், உப்புக்கு இல்லை.

அத்தைக்கு 68 வயது. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40 போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன மாசம் தலை கிறுகிறுவென்று வருகிறது என்றதால் கூட்டிப்போனோம். 162/94. டாக்டர் "உப்பைக் குறைங்கம்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எவ்வளவு குறைக்க, எதில் குறைக்க என்று கேட்க வாய் திறப்பதற்குள் நாங்கள் வெளியே நின்றோம்.

அத்தையின் சாப்பாடு இதுதான்: காலையில் பழைய சோறு, நான்கு கல் உப்பு, மோர் மிளகாய். மதியம் மீன் குழம்பு. இரவில் தோசையோ கஞ்சியோ, தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். வாரத்தில் மூன்று நாள் சுட்ட கருவாடு. அது இல்லாவிட்டால் சோறு இறங்காது.

இதில் சென்னையில் இருக்கும் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஒரு கிலோ இளஞ்சிவப்பு இந்துப்பைக் கூரியரில் அனுப்பிவிட்டார்கள். "இதில் தாது நிறைய, பிரஷர் ஏறாது, வழக்கம்போல் போடலாம்" என்று போனில் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு இது மானப் பிரச்சினை. "உப்பளத்துக்காரன் வீட்டுக்குக் கூரியரில் உப்பா?" என்கிறார். காலேஜ் படிக்கும் மூத்தவள் இரண்டும் வேண்டாம், சீனாவில் பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது, 'லோ சோடியம்' உப்புதான் நல்லது என்று ஒரு பாக்கெட்டை வாங்கி வந்து வைத்திருக்கிறாள்.

எந்த உப்பைப் போட? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைக் கடை தாத்தா:

தங்கச்சி, முதலில் உங்கள் மகள் வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

மகள் சொன்னது பொய் இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரைப் பிரித்து, பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பும் மீதிக்கு முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பும் கொடுத்துக் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் பார்த்தார்கள். எல்லாரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 தாண்டி பிரஷர் இருப்பவர்கள். மாற்று உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, சாவு 12 சதவீதம் குறைவு. 2021ல் வெளிவந்தது. ஒரு மாத்திரைகூடக் கூட்டாமல் உப்பை மட்டும் மாற்றியதற்கு இது பெரிய பலன்.

ஆனால் கடுமையான கிட்னிக் கோளாறு உள்ளவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் கிட்னி சரியில்லாதவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை விலக்கித்தான் சொன்னது. பொட்டாசியத்தை வெளியேற்றுவது கிட்னியின் வேலை. அது மந்தமாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும். அத்தை போடும் டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை உடம்பில் கொஞ்சம் தேக்கி வைக்கிற வகை. தினமும் இளநீர் குடிக்கிற பழக்கம் உண்டா என்றும் பாருங்கள், அதிலும் பொட்டாசியம் இருக்கிறது. முதலில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்) பொட்டாசியமும் பார்த்துவிட்டு, டாக்டர் சரி என்றால் மட்டும் அந்தப் பாக்கெட்.

அடுத்தது அளவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எடுத்த ஆய்வில் சராசரி 8 கிராம் என்று வந்தது, ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்கே தெரியாது என்கிறீர்கள். பானையிலிருந்து அள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு கிலோவை எடை போட்டு டப்பாவில் கொட்டி, மூடியில் தேதி எழுதுங்கள். நான்கு பேர் என்றால் அது 50 நாள் வரவேண்டும். எத்தனை நாளில் காலியாகிறது என்று வந்து சொல்லுங்கள்.

அளத்துப் பிள்ளை:

நான் வேதாரண்யம் பக்கம். அப்பா, தாத்தா எல்லாரும் உப்புப் பாத்தியில் நின்றவர்கள். அதனால் உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி பக்கம் ஒரு ஓட்டு.

இந்துப்பு என்பது சிந்துப் பக்கத்திலிருந்து வந்த பாறை உப்பு. உலகச் சந்தைக்கு வரும் இளஞ்சிவப்பு உப்பில் பெரும்பகுதி பாகிஸ்தானில் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நம் பாத்தியில் விளைகிற அதே சோடியம் குளோரைடுதான். நிறம் கொடுப்பது துளி இரும்பு. அந்தத் தாதுக்களில் உருப்படியான அளவு கிடைக்கவேண்டும் என்றால் கைநிறைய உப்பைத் தின்னவேண்டும். அதற்குள் பிரஷர் எங்கோ போயிருக்கும். "வழக்கம்போல் போடலாம்" என்று உங்கள் மதினி சொன்னதுதான் ஆபத்து, உப்பு இல்லை.

ஆனால் அண்ணாச்சியும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். சாக்கில் வருகிற உப்பில் அயோடின் கிடையாது. கடல் தண்ணீரில் விளைந்தது, அயோடின் தானாக இருக்கும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். தங்காது. ஆலையில் தெளித்துச் சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006லிருந்து தடை இருப்பது அண்ணாச்சிக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டுக்கு எடுத்துவருவதை யாரும் கேட்கமாட்டார்கள், அயோடின் குறைந்தால் வருகிற கழுத்துக் கழலை மட்டும் கேட்கும். இந்துப்பும் பெரும்பாலும் அயோடின் இல்லாமல்தான் வருகிறது, பாக்கெட்டில் பாருங்கள். சமையலுக்கு அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பு, மீன் கழுவச் சாக்கு உப்பு. இப்படிப் பிரித்துவிடுங்கள்.

ஜிம் போகாத ஜிம்காரன்:

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். நடுவில் ஓய்வு விட்டு நான்கு தடவை, வாரம் மூன்று நாள். 2023ல் 270 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், அசையாமல் தசையை இறுக்குகிற இந்த மாதிரிப் பயிற்சிகளில் மேல் பிரஷர் சராசரி 8 புள்ளி குறைகிறது என்றார்கள். நடை, ஓட்டத்தில் சுமார் 4.5 தான். மூச்சைப் பிடிக்கக்கூடாது, அதுதான் முக்கியம்.

முத்துநகர் மருமகள்:

தம்பி, அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சுவரில் சாய்ந்து பாதி உட்காருங்கள் என்று சொன்னால் என்னைத்தான் சுவரோடு சாய்ப்பார்கள். வீட்டுக்காரரைச் செய்யச் சொன்னேன். நாற்பது வினாடியில் கால் நடுங்கிவிட்டது.

தாத்தா, டப்பா பத்தொன்பதே நாளில் காலி! தலைக்கு 13 கிராம் வருகிறது. நான் நம்பாமல் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது, மீன் கழுவவும் அதே டப்பாவில்தான் கைவிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மீன் வராத நாள் வெள்ளி, செவ்வாய் மட்டும். அதனால் இனி இரண்டு டப்பா.

கிரியேட்டினின் 1.5. "அந்தப் பொட்டாசியம் உப்பு இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்" என்று இந்தத் தடவை டாக்டரே பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்த்துச் சொன்னார். மகள் முகம் தொங்கிவிட்டது.

நைட் டூட்டி நர்ஸ்:

ஒரு விஷயம் அக்கா. அந்த 162 எப்படி எடுத்தது? படியேறி வந்தவுடன், பேசிக்கொண்டே, கையை மடியில் வைத்தபடியா? 2024ல் அமெரிக்காவில் 133 பேரிடம் கையை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மேஜைமேல் இதயத்தின் உயரத்தில் வைத்ததைவிட, மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4, பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 கூடக் காட்டியது. எங்கள் வார்டிலேயே பாதிப் பேருக்கு மடியில் வைத்துத்தான் எடுக்கிறோம், கூட்டம் அப்படி.

வீட்டில் மேல்கையில் கட்டுகிற மெஷின் இருந்தால்: பாத்ரூம் போய்வந்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை மேஜையில், பேச்சு கிடையாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. காலை மாலை ஒரு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உப்பைக் குறைத்தால் பலன் தெரிய வருஷக்கணக்கில் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023ல் வந்த ஓர் ஆய்வில் 50 முதல் 75 வயது வரை 213 பேர், ஒரு வாரம் உப்பு அதிகமான சாப்பாடும் ஒரு வாரம் மிகக் குறைவான சாப்பாடும் சாப்பிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் மேல் எண்ணில் 8 புள்ளி வித்தியாசம். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்கும் குறைந்தது. நாக்குக்குத்தான் வாரம் போதாது, ஓரிரு மாசம் முரண்டு பிடிக்கும்.

முத்துநகர் மருமகள்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

என்னென்ன செய்தேன் என்றால், சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தோசை மாவில் பாதியாக்கினேன். வீட்டுக்காரர் மட்டும் "மாவு புளிக்கலையோ?" என்றார். மீன் குழம்பில் புளியைக் கொஞ்சம் கூட்டி உப்பைக் கடைசியில் போட்டேன், அது எடுபட்டது. ரசத்தில் மட்டும் ஏமாற்ற முடியவில்லை, முதல் வாயிலேயே பிடித்துவிட்டார்கள்.

கருவாட்டில்தான் பெரிய போர். வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவைத்துக் குழம்பாக வைத்துக் கொடுத்தேன். "இது கருவாடா, காகிதமா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டு துண்டு, சுட்டது என்று ஒப்பந்தம். பழைய சோற்றுக்கு உப்பு வேண்டாம், மோர் மிளகாய் ஒன்று, அதுவே போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஊறுகாய் ஜாடி மேல் பரணுக்குப் போய்விட்டது. முழங்கால் வலியில் ஏணி ஏறமாட்டார்கள் என்ற தைரியம்.

சமையல் டப்பா 33 நாள் வந்தது. தலைக்கு ஏழரை கிராம். 50 நாள் எங்கே, நாங்கள் எங்கே! ஆனாலும் பத்தொன்பதிலிருந்து வந்திருக்கிறோமே. அதில் மீன் உப்பைத் தனியாக்கிய கணக்கும் இருக்கிறது என்று மகள் குத்திக்காட்டுகிறாள், அதுவும் சரிதான்.

நர்ஸ் தங்கச்சி சொன்ன மாதிரி கையை மேஜையில் வைத்து எடுத்ததில் முதல் வாரச் சராசரி 149/87. போன வாரம் 139/82. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் கூட்டவேண்டாம், இன்னும் இரண்டு மாசம் இப்படியே ஓட்டுவோம் என்றார். தலைச்சுற்றலும் இல்லை. நேற்று சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு "என்ன இப்படி உப்பை அள்ளிக் கொட்டியிருக்கான்" என்று அத்தை பந்தியிலேயே சத்தமாகச் சொல்ல, எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

அயோடின் உப்புப் பாக்கெட்டை வீட்டுக்காரரே கடையில் வாங்கி வந்தார், பையில் மறைத்து. சாக்கு உப்பு தீர்ந்துவிட்டது, மழை வந்துவிட்டதால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை மதினி அனுப்பிய இந்துப்பில்தான் மீன் கழுவுகிறேன். தீபாவளிக்கு அவர்கள் வருகிறார்கள், அதற்குள் தீர்க்கவேண்டும்.