கன்சாலிடேஷனும் காம்பாக்‌ஷனும்: எந்தப் பாடநூல், எந்தச் சொல்?

பாடமெடுப்பவள்:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்வழி சிவில் மாணவர்களுக்கு மண் பொறியியலில் தொடக்கநிலைப் பாடநூல் ஒன்றைப் பரிந்துரைத்து, அதற்கான கலைச்சொல் பட்டியலையும் வரும் திங்களுக்குள் தர வேண்டும். மேசையில் மூன்று நூல்கள் இருக்கின்றன. முதலாவது அமெரிக்க நூல். பாறை எப்படி மண்ணாகிறது என்று தொடங்கி நிதானமாகப் போகும், படங்களும் நன்று. ஆனால் கணக்குகளில் பாதி அடியிலும் பவுண்டிலும். அடுத்தது நம் நாட்டு நூல். மண் சோதனைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2720 முழுக்க உண்டு, தேர்வுக்குத் தோது, "ஏன்" என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது. மூன்றாவது, எப்போதோ தமிழிலேயே வந்த மெல்லிய நூல்.

தமிழ் நூலையே எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதில் நான்காம் இயல் காம்பாக்‌ஷன். தலைப்பு "மண் இறுக்கம்". ஏழாம் இயல் கன்சாலிடேஷன். தலைப்பு "களிமண் இறுக்கம்". போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், ரோலர் ஓட்டினா ஒரே நாள்ல இறுகிடும்னு இருக்கு. இறுக இருபது வருஷம் ஆகும்னும் இருக்கு. எதை எழுதட்டும்?" என்றாள். என்னிடம் பதில் இருந்தது, சொல் இல்லை. உதவுங்கள்.

சைட்டுக்காரன்:

மேடம், சொல்லுக்கு முன்னால் பொருளைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

நெல்லை மரக்காலில் கொட்டிக் குலுக்கி அளந்தால் ஒரு பிடி கூடுதலாகப் பிடிக்கும். மணிகளுக்கு நடுவிலிருந்த காற்று வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். இது காம்பாக்‌ஷன். தயிரை வேட்டித் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பாதியாகிக் கிடக்கும். போனது தண்ணீர். இது கன்சாலிடேஷன். களிமண்ணில் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் தண்ணீர் வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆகிறது. மாணவியின் இருபது வருடமும் சரி, ஒரு நாளும் சரி.

சோதனைக்கூடத்திலும் இரண்டும் வேறு. காம்பாக்‌ஷனுக்கு பிராக்டர் சோதனை: 2.6 கிலோ சம்மட்டியை 310 மி.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. அரை மணியில் கை வலித்துவிடும். கன்சாலிடேஷனுக்கு ஒரு வளையத்தில் ஈரக் களிமண்ணை வைத்து, பாரம் ஏற்றி, ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு நாள் என்று டயலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கை வலிக்காது, பொறுமைதான் போகும்.

சைட்டில் முதலாவதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: திமிசு போடுதல். திமிசுக் கட்டை பார்க்காத கொத்தனார் உண்டா? "திமிசல்" என்று வைத்துவிடுங்கள். இரண்டாவதை "இறுக்கம்" என்றே விட்டுவிடலாம்.

புலவர்:

அன்புடையீர்,

இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. தமிழ் தன்வினை பிறவினை என்று பிரித்தே வைத்திருக்கிறது. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, இறுகு, இறுக்கு. மண் தானே இறுகினால் இறுகல். நாம் உருளையோட்டி இறுக்கினால் இறுக்கல். முன்னது கன்சாலிடேஷன், பின்னது காம்பாக்‌ஷன். ஒரு வல்லின ஒற்றில் முடிந்த வேலை இது. ஆங்கிலத்துக்கு இரண்டு இலத்தீன் வேர்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

திமிசு தெலுங்கின் "திம்மிச" வழி வந்தது. கொத்தனார் சொல்லட்டும், பாடநூல் சொல்ல வேண்டாம்.

பட்டியலில் மற்றவற்றுக்கும் இலக்கியத்தைப் பாருங்கள். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்னும் பேரிங் கெப்பாசிட்டிக்கு "அகழ்வாரைத் தாங்கும் நிலம்" இருக்கிறது. தாங்குதிறன் என்றால் போதும். மண்ணிடை நீரோட்டத்துக்கு "தொட்டனைத்து ஊறும் மணற்கேணி", ஊறல், ஊறுதிறன். வள்ளுவர் மணற்கேணி என்று ஏன் சொன்னார், களிக்கேணி என்று ஏன் சொல்லவில்லை? களியில் தோண்டிய அளவுக்கு உடனே ஊறாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மெய்ப்பு:

ஐயா, மணற்கேணியை ரசித்தேன். ஆனால் இறுகலும் இறுக்கலும் ஓர் ஒற்றில் வேறுபடுகின்றன. வருடத்துக்கு நாலு பாடநூல் மெய்ப்புப் பார்க்கிறவன் சொல்கிறேன்: அந்த "க்" அச்சில் விழும், கண்ணில் படாது. விடைத்தாளில் மாணவன் எழுதினால் அது ஒற்றா, பேனா கிறுக்கலா என்று திருத்துபவருக்குத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் ஓட்டு கன்சாலிடேஷன், காம்பாக்‌ஷன் என்று தமிழ் எழுத்தில் அப்படியே போடுவதற்கு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் நாம் ஒற்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் பையன் எப்போது படிப்பான்?

சைட்டுக்காரன்:

புலவர் ஐயா, இலக்கணம் அழகாகத்தான் இருக்கிறது, மண் ஒத்துக்கொள்ளவில்லை. களிமண் "தானே" இறுகுவதில்லை. மேலே கட்டடத்தையோ கரையையோ ஏற்றுகிறோம், அந்தப் பாரத்தில்தான் இறுகுகிறது. அதுவும் நம் வேலைதானே? அப்படியானால் இரண்டுமே பிறவினை ஆகிவிடும்.

பீசா கோபுரத்தைப் பாருங்கள். 1173இல் தொடங்கி, மூன்றாம் மாடியைத் தாண்டியதும் சண்டை சச்சரவால் வேலை நின்றது. ஏறக்குறைய நூறு வருடம் அப்படியே கிடந்தது. அந்த நூறு வருடத்தில்தான் கீழே இருந்த களி தண்ணீரை விட்டு வலுவேறியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும். சண்டை போட்டவர்களுக்கு அது தெரியாது, பாவம். இந்த இடைவெளிக்குத்தான் சொல் வேண்டும். அதில் "யார் செய்தது" என்பதைவிட "எது வெளியேறியது" என்பதுதான் முக்கியம்.

மெய்ப்பு அண்ணா, அப்படியே போடலாம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. சாலை வேலையில் பழைய ஆட்கள் ஜல்லியை ரோலரால் அமுக்குவதையே "கன்சாலிடேஷன்" என்பார்கள். பில்லிலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆங்கிலச் சொல்லை வைத்தாலும் குழப்பம் கூடவே வரும்.

புலவர்:

பாரம் ஏற்றுவது நாம், இறுகுவது மண். உலையை ஏற்றுவது நாம், வேகுவது சோறு. "சோறு வெந்தது" தன்வினைதானே? நாம் வேகவைத்தோம் என்பதற்காக வினை மாறுமா? உங்கள் ரோலர் விஷயத்தில் மண்ணுக்கு நேரே அடி விழுகிறது. அங்கே இறுக்குகிறோம். வேறுபாடு நிற்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. "திண்மையாதல்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கன்சாலிடேஷனில் திண்மை என்னும் பொருள் வேரிலேயே இருக்கிறதென்றாலும், படிவு பாறையாவதையும் புவியியலார் அதே சொல்லால் குறிக்கிறார்கள். தயிரும் பாறையும் ஒன்றாகிவிடும்.

பாடமெடுப்பவள்:

நன்றி. சோற்று உவமை எனக்குப் பிடித்தது. ஆனால் மெய்ப்பு சொல்வதும் உண்மை. இன்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். "இறுகல், இறுக்கல் எழுதுங்கள்" என்றதும் பாதிப் பேர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினார்கள். ஒரு பையன் "இருக்கல்" என்று எழுதியிருந்தான். நாற்காலிக்குக் கலைச்சொல் ஆகிவிட்டது.

இதற்கிடையே இன்னொரு தலைவலி. சில்ட் என்பதை "வண்டல்" என்று போட்டிருக்கிறேன். 0.002 முதல் 0.075 மி.மீ. வரையான துகள். பள்ளிப் புவியியலில் வண்டல் மண் என்றால் ஆறு கொண்டுவந்து படிய வைத்தது முழுவதும். மாணவர்கள் "தஞ்சாவூர் முழுக்க சில்ட்டா மிஸ்?" என்கிறார்கள்.

சைட்டுக்காரன்:

அந்த வண்டலைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திங்கள் போய்விடும்.

சமரசம் சொல்கிறேன். முன்னொட்டு சேர்ப்போம். கன்சாலிடேஷன் "நீர்வடி இறுகல்". காம்பாக்‌ஷன் வெறும் "இறுக்கல்". ஒற்று விழுந்தாலும் "நீர்வடி" காப்பாற்றும். புலவர் ஐயாவின் தன்வினையும் உள்ளே இருக்கிறது. திமிசுவை நான் விட்டுக்கொடுக்கிறேன், மனசில்லாமல்.

மெய்ப்பு:

சரி. முதல்முறை வரும் இடத்தில் "நீர்வடி இறுகல் எனப்படும் கன்சாலிடேஷன்" என்று எழுதிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. களைத்துவிட்டேன்.

புலவர்:

"நீர்வடி இறுகல்" என்ன தொகை? வினைத்தொகை என்றால் வடி என்பது இறுகலைத் தழுவும். இறுகலா வடிகிறது? நீரல்லவா? "நீர்வடிந்திறுகல்" என்றாவது எழுதுங்கள். நாக்கு புரளாது என்பீர்கள். புரளும், பழகினால்.

பாடமெடுப்பவள்:

பட்டியலை அனுப்பிவிட்டேன். நீர்வடி இறுகல், இறுக்கல், தாங்குதிறன், ஊறுதிறன். ஊறுதிறனுக்குத் துறையில் "உட்புகுதிறன்" என்று எழுதிய நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வள்ளுவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

நூல் தேர்வில் நம் நாட்டு நூலைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஐ.எஸ். எண்களோடு படித்தால்தான் சைட்டில் உதவும். "ஏன்" என்னும் கேள்விக்கு அமெரிக்க நூலின் முதல் இரண்டு இயல்களை நானே வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன். பழைய தமிழ் நூலைத் துணைநூலாக வைத்திருக்கிறேன். "இறுக்கம்" வரும் இடமெல்லாம் மாணவர்களே பென்சிலால் எது எது என்று குறிக்க வேண்டும், அதுவே முதல் பயிற்சி.

சைட்டுக்காரன்:

மேடம், நேற்றே சொல்லியிருக்க வேண்டும், இப்போதுதான் உறைத்தது. செகண்டரி கன்சாலிடேஷனை என்ன செய்வீர்கள்? பாரத்தால் துளைநீரில் ஏறிய கூடுதல் அழுத்தம் முழுக்கத் தணிந்த பிறகும் களிமண் மெள்ள மெள்ள இறங்கிக்கொண்டே இருக்குமே, அது. அங்கே இறக்கத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது நீர் வடிவது அல்ல. "இரண்டாம்நிலை நீர்வடி இறுகல்" என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்.

புலவர்:

"இரண்டாம்நிலை இறுகல்" என்றால் எங்கும் கெடாது. முதல் நாளே சொன்னேன்.

பாடமெடுப்பவள்:

அது ஏழாம் இயலின் கடைசிப் பக்கம். வகுப்பு இப்போது மூன்றாம் இயலில்தான் இருக்கிறது. வண்டலுக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள்.