கொழுந்தன் முன்னாடி துப்பட்டா போட்டா "என் மவன சந்தேகப்படுறியா"ன்னு கேக்குறாங்க, என்ன பண்றது?

டெல்டா_மருமக:
அஸ்ஸலாமு அலைக்கும். பேர் போடாம கேக்குறேன் யாரும் தப்பா நெனைக்காதீங்க. கல்யாணம் ஆகி ஒம்பது மாசம் ஆவுது, மச்சான் நாப்பது நாள் லீவுல வந்து நிக்காஹ் முடிச்சிட்டு திரும்ப ஷார்ஜா போயிட்டாரு, நான் மாமியா வீட்டுலதான் இருக்கேன். மாமா, மாமி, இருபத்தி நாலு வயசுல கொழுந்தன் ஒருத்தர். பழைய வீடு, பாத்ரூம் கொல்லையில இருக்கு, போவணும்னா கூடத்துல அவரு போன் பாத்துட்டு படுத்திருக்குறத தாண்டித்தான் போவணும். கொழுந்தன் நல்ல மனுசன், ஒரு வார்த்த தப்பா பேசினது கிடையாது, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா எனக்கு கூச்சமா இருக்கு, அதனால நைட்டி மேல பெரிய துப்பட்டா போட்டுக்கிட்டே இருப்பேன், அடுப்படியில நிக்கிறப்பவும். அதுக்குத்தான் மாமிக்கு கோவம். "அவன் ஒனக்கு தம்பி மாதிரி, என் மவன சந்தேகப்படுறியா"ன்னு கேக்குறாங்க. போன வாரம் ஒரு மவுத்து (சாவு) வீட்டுக்கு மாமாவும் மாமியும் போயிட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் வீட்டுல நானும் அவரும் மட்டும்தான், நான் ரூம்ல கதவ சாத்திக்கிட்டு தண்ணி கூட குடிக்க வெளிய வரல.

இதுல கூத்து என்னன்னா நான் பி.எஸ்சி பி.எட் முடிச்சிருக்கேன், நாலு தெரு தள்ளி ஒரு ஸ்கூல்ல மேத்ஸுக்கு கூப்பிடுறாங்க, அதுக்கு மாமா "அங்க ஆம்பள வாத்தியாருங்க இருக்காங்க, அந்நிய ஆம்பளைங்க கூட ஒக்காரக்கூடாது"ன்னுட்டாரு. அப்ப வீட்டுல இருக்குறவரு யாருங்க? மார்க்கம் என்ன சொல்லுது, விவரமா தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓதுன_பய:
வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. நீங்க கேட்ட கேள்விய அப்படியே ரசூலுல்லாஹ் கிட்டயே, அதான் நபிகிட்டயே, ஒரு அன்சாரி (மதீனாக்காரர்) கேட்டிருக்காரு. உக்பா பின் ஆமிர் ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கிற ஹதீஸ், புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு. பொண்ணுங்க தனியா இருக்குற எடத்துக்குள்ள நுழையாதீங்கன்னு நபி சொன்னப்போ அவரு "கணவனோட சொந்தக்காரங்க?"ன்னு கேட்டாரு, அதுக்கு வந்த பதில் "அவரு மவுத்து" அப்படின்னு. கொழுந்தன் மவுத்து! இத விட அழுத்தமா சொல்ல முடியாது. ஏன்னா வெளி ஆளு உள்ள வந்தா தெருவே பாக்கும், கொழுந்தன் வந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க.

குர்ஆன்ல சூரா நூர் 31வது ஆயத்த (வசனத்த) எடுத்துப் பாருங்க, யார் முன்னாடி சகஜமா இருக்கலாம்னு வரிசையா வருது, அத்தா வர்றாரு, மாமனார் வர்றாரு, மவன், அண்ணன் தம்பி, அவங்க புள்ளைங்க எல்லாம் வருது, கொழுந்தன் வரல. தம்பி மாதிரி வேற, தம்பி வேற. அதுக்காக நீங்க ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்கணும்னு இல்ல, அவர்கிட்ட பேசவே கூடாதுன்னும் இல்ல. ஒடம்பு தெரியாத தொளதொள உடுப்பு, தலையில துப்பட்டா, வீட்டுல நாலு பேர் இருக்குறப்ப தேவைக்கு பேச்சு, இது போதும். தடை எதுக்குன்னா கல்வத்துக்கு, அதாவது மஹ்ரம் (எப்பவுமே கட்டிக்கக்கூடாத நெருங்கின சொந்தம்) அல்லாத ஆணும் பொண்ணும் யாரும் வரமுடியாத எடத்துல தனியா இருக்குறது. மவுத்து வீட்டுக்கு போனப்போ உங்களையும் கூட்டிட்டு போயிருக்கணும், இல்ல அவர வெளிய அனுப்பியிருக்கணும். அந்த பொறுப்பு உங்க தலையில விழக்கூடாது.

இன்னொண்ணு, ஹனஃபி மத்ஹபோட ஃபிக்ஹு கிதாபுகள்ல, அதாவது மார்க்க சட்ட புஸ்தகங்கள்ல, மனைவிக்கு கணவன் குடுக்கவேண்டிய குடியிருப்புன்னு தனி பாடமே இருக்கு. கூட்டு வீடா இருந்தாலும் பூட்டிக்கிற மாதிரி தனி அறையாவது அவளுக்குன்னு இருக்கணும். இது நீங்க கெஞ்சி கேக்குற சலுகை இல்ல, உங்க ஹக்கு, உரிமை. மச்சான் கிட்ட தெளிவா சொல்லுங்க.

பழைய_ராவுத்தர்:
நான் வேற மாதிரி சொல்றேன் கோவப்படாதீங்க. எங்க நன்னி (பாட்டி) சேலையில முக்காடு போட்டுக்கிட்டு வயல்ல நடவு நட்டவங்க, நாலு கொழுந்தன் ஒரே வீட்டுல, எல்லாருக்கும் சோறு போட்டாங்க, மூத்த மதினின்னா அம்மா மாதிரி. அப்ப யாரும் மஹ்ரம் லிஸ்ட் எடுத்து வச்சுக்கிட்டு பேசல. எனக்கு தெரிஞ்சு எங்க ஊருல கருப்பு புர்கா வந்ததே அரபு நாட்டுக்கு ஆளுங்க போக ஆரம்பிச்ச பொறகுதான். இப்ப எதுக்கெடுத்தாலும் ஹராம் ஹராம்னு சொல்லி வீட்டுக்குள்ளயே ஒரு சுவர கட்டுறீங்க, பாவம் அந்த பையனும் என்ன நெனைப்பான், தன் வீட்டுலயே அவன் திருடன் மாதிரி நடமாடணுமா?

ஓதுன_பய:
பாய், உங்க நன்னிய நான் கொற சொல்லல. அந்த முக்காடு இருந்துச்சுல்ல, கூடவே அந்த வீட்டுல எப்பவும் பத்து பேர் இருந்தாங்க, தனிமைங்கறதே கெடையாது. இப்ப வீடு சின்னது, ஆளு நாலு, அதுல ரெண்டு பேர் வெளிய போனா மிச்சம் ரெண்டே பேர். கணக்கு மாறிடுச்சு.

நானும்_ஒரு_கொழுந்தன்:
இத படிச்சப்போ எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நான் அந்த போன் பாத்துட்டு படுத்திருக்குற ஆளு. எங்க அண்ணன் சவூதியில தம்மாம்ல இருக்காரு. ரெண்டு வருசம் எனக்கு ஒண்ணுமே ஒறைக்கல, சட்ட போடாம கைலியோட கூடத்துல கெடப்பேன், மதினி கொல்லைக்கு போறப்பல்லாம் தலைய குனிஞ்சுக்கிட்டு ஓடுறத பாத்து அவங்களுக்கு கூச்ச சுபாவம்னு நெனைச்சேன். ஒரு ஜும்ஆ பயான்ல (வெள்ளிக்கிழமை பிரசங்கத்துல) ஹஜ்ரத் நூர் சூராவ எடுத்து 31க்கு முன்னாடி 30 இருக்குன்னு சொன்னாரு, பொண்ணுங்களுக்கு சொல்றதுக்கு முன்னாடியே ஆம்பளைங்கள பாத்துத்தான் பார்வைய தாழ்த்துங்கன்னு சொல்லியிருக்கு, அதுக்கும் முன்னாடி 27ல வீட்டுக்குள்ள நுழையறப்ப அனுமதி கேட்டு சலாம் சொல்லுங்கன்னு வருது. அது அடுத்தவங்க வீட்டுக்குத்தான் ஆனா எனக்கு என் வீட்டுலயும் செஞ்சா என்னன்னு தோணுச்சு. அன்னிலேர்ந்து படுக்கைய மாடிக்கு மாத்திட்டேன், உள்ள வர்றப்ப வாசல்லயே சலாம் சொல்லிட்டு அம்மாவ கூப்பிட்டுட்டுத்தான் வருவேன், அம்மா வீட்டுல இல்லன்னா டீக்கடையில போய் ஒக்காந்துக்குவேன். கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல, டீ செலவு கொஞ்சம் கூடிடுச்சு அவ்ளோதான். ராவுத்தர் பாய், திருடன் மாதிரியெல்லாம் தோணல, சொல்லப்போனா மதினி இப்பத்தான் என்கிட்ட சாதாரணமா பேசுறாங்க.

அக்கா உங்க கொழுந்தனுக்கு தெரியாமலேயே இருக்கலாம். மச்சான விட்டு சொல்லச் சொல்லுங்க. அண்ணன் சொன்னா கேப்பான், மாமி வழியா போனா சண்டையாதான் முடியும்.

காயல்_ராத்தா:
எங்க காயல்பட்டினத்துல இந்த பிரச்சனை தலைகீழ். மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு, பொம்பளப் புள்ளைக்குத்தான் வீடு. அதனால கொழுந்தன் தொல்லை கெடையாது, அதுக்கு பதிலா அக்கா மாப்பிள்ளை! அவரும் மஹ்ரம் கெடையாது தெரியுமா, அக்கா அவர் நிக்காஹ்ல இருக்குற வரைக்கும் தங்கச்சிய கட்டக்கூடாது, அந்த தடை நிரந்தரம் இல்லாததால அவரு அந்நியர்தான். சின்ன வயசுல மச்சான் வர்ற நேரம் தெரிஞ்சா நாங்க அடுத்த கட்டுக்கு ஓடிருவோம், அதுவே ஒரு வெளயாட்டு. தெருவுக்கு தெரு நடுவுல முடுக்கு (சின்ன சந்து) இருக்கும், பொம்பளைங்க அது வழியாவே நாலு தெரு சுத்திட்டு வந்துருவோம். தொழுகைக்கு, திக்ருக்கு (இறைவன நெனைச்சு ஓதுறதுக்கு) பெண்கள் தைக்கான்னு பொம்பளைங்க கூடுற எடம் தனியா இருக்கு, எல்லாத்தையும் பொம்பளைங்களே நடத்துவாங்க. பிரிச்சு வச்சாங்க சரி, ஆனா பிரிச்ச பக்கத்துல எங்களுக்கும் எடம் குடுத்து பிரிச்சாங்க. ஒங்க ஊருல பொம்பளைக்கு அடுப்படிய தவிர வேற எடமே இல்லாம பிரிக்கிறாங்க, அதான் மூச்சு முட்டுது.

ஸ்டாஃப்ரூம்_டீச்சர்:
வேலை விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லலையே, நான் சொல்றேன். பதிமூணு வருசமா டீச்சர். ஸ்டாஃப்ரூம்ல பத்து பேர் இருப்பாங்க, கதவு தொறந்தே கெடக்கும், நிமிசத்துக்கு ஒரு புள்ள நோட்டு எடுத்துக்கிட்டு வரும். மேல சொன்ன கல்வத்து இங்க எங்க இருக்கு? ஆளில்லாத வீடு பரவாயில்லையாம், ஆளு நெறைஞ்ச ஸ்கூல் கூடாதாம், இது எந்த கணக்கு? ஹஜ்ஜுக்கு போனவங்கள கேளுங்க, கஅபாவ சுத்துறப்ப ஆம்பளைக்கு தனி நேரம் பொம்பளைக்கு தனி நேரம்னு கெடையாது. அந்த காலத்துல ஒரு கவர்னர் பொண்ணுங்க ஆம்பளைங்க கூட தவாஃப் சுத்தக்கூடாதுன்னு தடை போட்டப்போ அதாஉன்னு ஒரு பெரிய ஆலிம் "நபியோட மனைவிமாரே ஆம்பளைங்க சுத்துறப்ப சுத்தியிருக்காங்க, நீ எப்படி தடுப்ப"ன்னு கேட்டாருன்னு புகாரியிலயே இருக்கு. கூடவே அவங்க ஆம்பளைங்கள்ல இருந்து ஒதுங்கி ஓரமா சுத்துனாங்கன்னும் வருது, அதையும் மறைக்கக்கூடாது. அதாவது ஒரே எடம், ஆனா இடிச்சுக்காம.

பள்ளிவாசலுக்கு பொண்ணுங்க போறதுக்கே இத்தன சண்டை நடக்குது. 2020ல சுப்ரீம் கோர்ட்டுல முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே பொண்ணுங்க பள்ளியில தொழ அனுமதி உண்டுன்னு எழுதிக் குடுத்தாங்க, எங்க மஹல்லாவுல (பள்ளிவாசல் பகுதியில) இன்னும் ஒரு பாய் விரிக்க எடம் இல்ல. பெரியவங்கள்ல ஒரு சாரார் ஃபித்னாவ (தப்பு தண்டா, குழப்பத்த) பயந்து வேணாம்னு சொன்னதும் உண்மைதான், அது ஒரு கருத்து. ஆனா அந்த பயம் டீச்சர் வேலைக்கு மட்டும் வந்து கொழுந்தன் விஷயத்துல வரலன்னா அது மார்க்கம் இல்லம்மா, வசதி. மாமாகிட்ட சண்டை போடாத, ஒரு நாள் ஸ்கூலுக்கு கூட்டிட்டு போய் ஸ்டாஃப்ரூம காட்டு.

டெல்டா_மருமக:
எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ் ஹைர். இங்க ஒரு கொழுந்தன் தம்பி எழுதினத அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன், ரெண்டு நாள் ஒண்ணும் பேசல, அப்பறம் அவரு தம்பிகிட்ட பேசியிருக்காரு போல. நேத்துலேர்ந்து எங்க வீட்டு கொழுந்தன் திண்ணையில படுக்குறாரு, உள்ள வர்றப்ப செருப்ப டப்புன்னு தட்டிட்டு வர்றாரு. மாமி "திண்ணையில கொசு கடிக்குது என் புள்ளைக்கு"ன்னு என்னை பாத்துக்கிட்டே கொசுவத்தி ஏத்துறாங்க. என் ரூமுக்கு உள்தாழ்ப்பா சரியில்ல, ஆசாரி வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. ஸ்கூல் விஷயம் மாமா இன்னும் வாயத் தொறக்கல, ஜூன்ல தொறக்குறாங்க, அதுக்குள்ள அந்த ஸ்டாஃப்ரூம காட்டுற வேலைய பண்ணிப் பாக்குறேன், துஆ செய்ங்க.