எர்த் ஆன நியூட்ரலைத் தொடலாமா?

கேள்வி: கம்பத்து டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் புஷ்ஷிங்கிலிருந்து (கம்பி வெளியே வரும் பீங்கான் முனை) ஒரு பட்டை டேங்குக்கும் (டிரான்ஸ்பார்மரின் இரும்பு உடல்), அங்கிருந்து கம்பி எர்த்துக்கும் போகிறது. அப்புறம் ஏன் நியூட்ரலையும் லைவ் என்றே நினைக்கச் சொல்கிறார்கள்?

பதில்: அதில் லோடு கரண்ட் ஓடுகிறதே. நட்டு தளர்ந்து இணைப்பு விட்டுப்போனால், லோடு பக்கத்து முனையில் முழு பேஸ் வோல்ட்டேஜ் வரை வந்து நிற்கலாம், இரண்டு முனையையும் ஒரே ஆள் பிடித்தால் அவர்தான் ஜம்பர், அதாவது இரண்டையும் இணைக்கும் கம்பி.

மற்றொருவர்: பழுது வந்தால் பியூஸ் போக, மண்ணில் புதைத்த எர்த் ராடை மட்டும் நம்பாதீர்கள். 230 வோல்ட்டுக்கு மண் தடை 10 ஓம் என்றால் 23 ஆம்பியர்தான், பெரிய பியூஸ் அசையாது. பழுது மின்னோட்டம் திரும்ப நியூட்ரல் பாதைதான் வேண்டும்.

கேட்டவர்: சரி, ஹெச்.டி. (உயர் அழுத்த) பக்கம் அணைத்துவிட்டால்?

பதில்: போதாது. எங்காவது ஜெனரேட்டர் ஓடினால் எல்.டி. (தாழ்வழுத்த) பக்கம் வழியாக மின்சாரம் திரும்பி வரும். இருபுறமும் சோதித்து, எர்த் செய்த பிறகே கை வையுங்கள்.