முதல் பாட்காஸ்ட்: மூன்று முறை பதிவு செய்து மூன்றையும் அழித்துவிட்டேன்

இரவுவண்டி:
வணக்கம். பழைய சுவர்க் கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வீட்டில் ஒவ்வொருவராக நழுவிவிடுகிறார்கள், சரி, கேட்க விருப்பமுள்ளவர்கள் வெளியே இருக்கலாமே என்று ஒரு பாட்காஸ்ட் யோசனை வந்தது. மூன்று முறை போனில் பதிவு செய்தேன், மூன்றையும் அழித்துவிட்டேன். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது, போதாததற்கு என் குரலை என்னாலேயே சகிக்க முடியவில்லை. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா? சிலர் கண்டென்சர் என்கிறார்கள், சிலர் டைனமிக் என்கிறார்கள். அப்புறம் ஆடியோவை எங்கே ஏற்றுவது, ஸ்பாட்டிஃபைக்கும் ஆப்பிளுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டுமா, தொடக்க இசைக்கு என்ன செய்வது, ஒன்றும் பிடிபடவில்லை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

காதுள்ளவன்:
மைக்கை இப்போதைக்கு விடுங்கள். அந்தக் கிணறு உங்கள் அறைதான். வெறும் சுவர், வழவழத் தரை, கண்ணாடி ஜன்னல் இருந்தால் குரல் மோதித் திரும்பி வரும், மைக் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கண்டென்சர் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் மைக் வகை, அதை வாங்கினால் அதே எதிரொலி இன்னும் துல்லியமாக விழும், அவ்வளவுதான். நான் அப்படித்தான் ஏமாந்தேன், ஆசையாக வாங்கிய மைக்கில் என் குரலைவிட ஃபேன் சத்தம் தெளிவாகக் கேட்டது.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு முகத்தைக் காட்டியபடி அதே போனில் இரண்டு நிமிடம் பேசுங்கள். முதுகுப் பக்கம் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. பழைய பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், வேறு ஆள் பேசுவது போல இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும், நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். இல்லையென்றால் 'பழுது', 'பல்சக்கரம்' என்று 'ப' வரும் இடமெல்லாம் காற்று மைக்கில் மோதி 'புஃப்' என்று வெடிக்கும், உங்கள் விஷயத்தில் அந்தச் சொற்கள் நிறைய வருமே. பதிவு செய்யும்போது திரையில் ஆடும் ஒலி அளவுக் கோடு மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி ஏறி இறங்கினால் போதும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது, மெல்லியதாக இருந்தால் பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இதற்குப் பிறகும் மைக் வாங்கத் தோன்றினால் யூஎஸ்பி டைனமிக் ஒன்று வாங்குங்கள். வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் அறைச் சத்தம் குறைவாக விழும்.

குரல் விஷயம்: நாம் பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது, அதில் அடிக்குரல் தூக்கலாக இருக்கும். பதிவில் அது இல்லாததால் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் இத்தனை வருடமும் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் ஓடிவிடவில்லை. (கடிகாரப் பேச்சில் ஓடினார்கள் என்கிறீர்கள், அது குரலால் இல்லை என்று நம்புவோம்.)

பேச்சுமணி:
எழுதி வைத்துப் படித்தீர்களா? நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் எழுத உட்கார்ந்தாலே கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும், அதை மைக் முன்னால் படித்தால் செய்தி வாசிப்பதுபோல ஆகிவிடும். 'இக்கடிகாரத்திற்கு எட்டு நாட்களுக்கு ஒருமுறை சாவி கொடுக்கப்பட வேண்டும்' என்று என் முன்னால் நின்று யாராவது சொன்னால் நானும் நழுவிவிடுவேன். 'எட்டு நாளைக்கு ஒருதடவ சாவி குடுக்கணும், மறந்தீங்கன்னா நின்னுடும்' என்றால் உட்கார்ந்து கேட்பேன். முழு வசனம் எழுதாதீர்கள், ஒரு தாளில் ஏழெட்டு சொற்களைக் குறித்துக்கொண்டு பேசுங்கள். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பேச்சு நடையிலேயே எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம், அங்கேதான் நாக்கு குழறும். தவறினால் பதிவை நிறுத்த வேண்டாம், ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். எடிட் செய்யும்போது அலை வடிவத்தில் அந்தக் கைதட்டு ஈட்டிபோல நீட்டிக்கொண்டு நிற்கும், எங்கே வெட்ட வேண்டும் என்று தேடவே வேண்டாம். ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் மென்பொருள் இலவசம், வெட்டி ஒட்ட அது போதும்.

ஃபீட்காரன்:
ஏற்றுவது பற்றி. ஒவ்வொரு எபிசோடையும் ஆப்பிளுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் தனித்தனியாக ஏற்றத் தேவையில்லை. ஒரு ஹோஸ்டிங் தளத்தில், அதாவது ஆடியோவை இணையத்தில் வைத்திருந்து வழங்கும் தளத்தில் ஏற்றினால், அது ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று ஒரு முகவரி தரும், உங்கள் எபிசோடுகளின் பட்டியல் அதில்தான் இருக்கும். அந்த முகவரியை ஒவ்வொரு செயலியிலும் ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டால் போதும், அடுத்தடுத்த எபிசோடுகள் தானாகப் போய்ச் சேரும். 2005இல் ஆப்பிளின் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட் வந்தபோதும் இதே முறைதான். ஹோஸ்ட் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: நாளைக்கு வேறு இடம் மாற நினைத்தால் பழைய ஃபீடைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட அனுமதிக்கிறார்களா என்று. செயலிகள் வரும், போகும். 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோதும் ஃபீடைக் கையில் வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சி மற்ற செயலிகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அட்டைப்படம் சதுரமாக, 1400க்குக் குறையாமல் 3000 பிக்சலுக்கு மிகாமல் இருக்கட்டும். போனில் நகத்தளவுக்குச் சுருங்கிவிடும், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். தனி ஆள் பேச்சுக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி) எம்பி3, 64 கேபிபிஎஸ் தரம் போதும், அரை மணி நேரம் 15 எம்பிக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, ஃபீடில் கொடுக்கும் மின்னஞ்சல் வெளியே தெரியலாம், சொந்த முகவரியைப் போடாமல் தனியாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், பதிப்புரிமைச் சிக்கல் வரும், '10 வினாடி என்றால் பரவாயில்லை' என்று சொல்வதை நம்பாதீர்கள், அப்படி ஒரு விதியே கிடையாது.

எதற்கும் மூன்று எபிசோடு கையில் வைத்துக்கொண்டு வெளியிடுங்கள்.

பேச்சுமணி:
அந்தக் கடைசி வரி எனக்கு உடன்பாடில்லை. மூன்றை அழித்தவரிடம் மூன்று சேர்த்து வை என்றால் அடுத்த வருடமும் இங்கே இதே கேள்விதான் வரும். ஒன்று முடிந்ததும் போட்டுவிடட்டும்.

ஃபீட்காரன்:
சரி, இவர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

இரவுவண்டி:
அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசினேன், கிணறு போயே போய்விட்டது! ஆனால் இப்போது புதுப் பிரச்சினை. அறையில் ஆறு கடிகாரங்கள் ஓடுகின்றன, எதிரொலி போனதும் டிக் டிக் தெளிவாகக் கேட்கிறது, ஆறும் ஆறு வேகத்தில். ஆடாசிட்டியில் இரைச்சல் குறைப்பு போட்டுப் பார்த்தேன், டிக் டிக் அப்படியே இருக்கிறது, என் குரல்தான் தகர டப்பாவுக்குள் போய்விட்டது.

காதுள்ளவன்:
அந்த வசதி ஃபேன், ஏசி மாதிரி விடாமல் ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் சரிப்படும். விட்டு விட்டு வரும் சத்தத்தை அதனால் பிடிக்க முடியாது. பேசும் நேரத்துக்கு ஊசல்களை நிறுத்திவிடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், சாவி கொடுக்கும் சத்தத்தோடு சேர்த்து ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். தொடக்க இசை கேட்டீர்களே, அதில் ஏழெட்டு வினாடி எடுத்துப் போட்டு, நீங்கள் பேச ஆரம்பிக்கும்போது மெல்ல இறக்கிவிடுங்கள். உரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

இரவுவண்டி:
ஐந்தை நிறுத்திவிட்டேன். எல்லாவற்றுக்கும் திரும்ப நேரம் வைக்க வேண்டும், பரவாயில்லை. இன்று இரவு உட்காருகிறேன், இந்த முறை அழிக்கமாட்டேன்.